பிடித்தலும் விடுதலும்

தீமை செய்தால்தான் குற்றமா? ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் குற்றமாகுமா? திருப்பலியின் தொடக்கத்தில் நாம் அறிக்கையிடும் பாவங்கள் நான்கு வகைப்படும். சிந்தனை, சொல், செயல் ஆகிய மூன்றோடு கடமை தவறுதலும் அங்கே இடம்பெறுகிறது. முதல் மூன்றுக்கும் சான்றுகள் நம் நினைவில் உடனே வந்து நிற்கும். நேற்றுச் சொன்ன கடுஞ்சொல் நினைவுக்கு வரும்; போன வாரம் செய்த சிறு வஞ்சகம் நினைவுக்கு வரும். நான்காவதைச் சொல்லி மார்பில் தட்டும்போது மட்டும் மனம் ஒரு கணம் வெறுமையாகிவிடுகிறது. செய்ததை நினைத்துப் பார்க்கலாம். செய்யாததை எங்கே போய்த் தேடுவது?

இந்தக் கேள்விக்கு விடை தேடி நாம் எந்த நூலையும் புரட்டவில்லை. மூலக்கொத்தளத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் அருகில் இரண்டு நாள்கள் நிற்க நேர்ந்தது. அங்கே எண்ணெய்க் கறை படிந்த ஒரு கையின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விடையின் ஒரு பகுதி கிடைத்தது. அதையே இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

மாடிப்படிக்கு அடியில்

கொத்தளம் என்பது கோட்டை மதிலில் முன்தள்ளி நிற்கும் காவல் மேடை. வடசென்னையைச் சுற்றி ஒருகாலத்தில் எழுந்த மதில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதை நினைவூட்டும் பெயர் மட்டும் மூலக்கொத்தளத்தில் நிற்கிறது. ஒருபுறம் பேசின் பாலமும் இருப்புப் பாதைகளும், மறுபுறம் பழைய வண்ணாரப்பேட்டையும் சூழ்ந்த உழைப்பாளர் பகுதி இது. 1939இல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் துயில்கொள்ளும் மயானமும் இங்கேதான் இருக்கிறது.

நம் அன்பியத்தைச் சேர்ந்த ஒரு வீட்டில், மாடிப்படிக்கு அடியில், தார்ப்பாய் போர்த்திய புல்லட் ஒன்று பதினோர் ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. துறைமுகத்தில் உழைத்த குடும்பத் தலைவர் சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கிய வண்டி. வலக்காலில் கியரும் இடக்காலில் பிரேக்கும் உள்ள பழைய அமைப்பு. ஞாயிறுதோறும் மனைவியைப் பின்னாலும் இளைய மகனை முன்னால் டாங்கின்மேலும் அமர்த்திக்கொண்டு அவர் கோவிலுக்கு வந்து இறங்கும் காட்சி மூத்தவர்கள் பலருக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அவர் இறந்தபின் வீட்டுப் பங்கைக் குறித்து மகன்கள் இருவருக்கும் இடையே பேச்சு எழுந்தது. வழக்கு மன்றத்துக்கு அவர்கள் போகவில்லை. கைகலப்பும் இல்லை. கடுஞ்சொல்லும் ஒரே ஒரு நாள் மாலையில்தான். அன்றோடு பேச்சு நின்றது. மூத்தவர் திருவொற்றியூரில் குடியேறினார். இளையவர் பழைய வீட்டிலேயே தங்கினார். வண்டி தந்தையின் பெயரில் இருந்ததால் அதை விற்கவோ மாற்றவோ இருவரின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. கையெழுத்தைக் கேட்கப் பேச வேண்டும். பேச்சு இல்லாததால் வண்டி நின்றது.

கேட்டால், “அண்ணனுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யலையே” என்பார் இளையவர். மூத்தவரும் திருவொற்றியூரில் ஏறத்தாழ இதே சொற்களைத்தான் சொல்லிவந்தார். இருவர் சொன்னதும் உண்மை. யாரும் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமலேயே பதினோர் ஆண்டுகள் கழிந்துவிட்டன. இதற்கிடையில் ஒரு திருமணமும் இரண்டு புதுநன்மை விழாக்களும் ஒரு அறுவை சிகிச்சையும் வந்து போயின.

அந்த மௌனத்தைக் கடந்து வந்தவன் மூத்தவரின் மகன், கல்லூரி மாணவன். ஒருநாள் மாலை வாசலில் வந்து நின்று, “சித்தப்பா, தாத்தா வண்டியை ஓட வெச்சுப் பார்க்கலாமா?” என்று கேட்டான். அவர் மறுக்கவில்லை. மறுநாளே தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் முதிய மெக்கானிக் வரவழைக்கப்பட்டார். அந்தச் சனிக்கிழமை அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில் என்பதால் நாமும் அங்கிருந்தோம்.

திருவொற்றியூரின் பிள்ளை

புல்லட்டுக்கும் வடசென்னைக்கும் உள்ள உறவு சாதாரணமானதன்று. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த வண்டி அது. 1955இல் அந்நிறுவனமும் நம் நகரின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பின்னர் பாகங்களும் இங்கேயே வார்க்கப்பட்டன. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும் அதன் பிள்ளை திருவொற்றியூரில் உயிரோடு இருந்தது. 1994இல் ஐஷர் குழுமத்தோடு இணைந்து, 2013இல் ஒரகடத்தில் புதிய ஆலை கண்டு, இன்று உலகெங்கும் செல்கிறது. வடசென்னையில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிந்தது அந்த ஆலையின் சங்கொலியை நம்பித்தான். ஆகவே, இங்குள்ள பழைய மெக்கானிக்குகள் புல்லட்டை ஒரு பொருளாகக் கருதுவதில்லை. உறவினர் வீட்டுப் பிள்ளையைப் போலத் தட்டிக்கொடுத்தே தொடங்குகிறார்கள்.

தார்ப்பாயை விலக்கியதும் முதியவர் கேட்ட முதல் கேள்வி நம்மை நிமிரவைத்தது. “ஓட்டணுமா, இல்ல அப்பா ஞாபகமா நிக்கணுமா? நிக்கணும்னா தொடச்சு வெச்சாப் போதும். ஓட்டணும்னா வேலை இருக்கு.” பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாகப் படுத்திருந்தவரிடம் இயேசுவும் முதலில் கேட்டது, நலம்பெற விருப்பம் உண்டா என்பதைத்தான். நீண்ட நாள் படுத்துவிட்டவர்களுக்கு அந்தப் படுக்கையே பழகிப்போவதும் உண்டு. ஆதலால் அக்கேள்வி வேண்டாத கேள்வியன்று. இளையவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “ஓட்டணும்” என்றார்.

தகடுகளின் கதை

பெட்ரோல் நாறிப் பிசினாகி இருந்தது. கார்புரேட்டர் அடைத்திருந்தது. இவையெல்லாம் எதிர்பார்த்தவையே. முதியவர் தீப்பொறிச் செருகியைக் கழற்றி, சிலிண்டருக்குள் சில துளி எண்ணெய் விட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி எஞ்சின் சுழல்கிறதா என்று பார்த்தார். சுழன்றது. செருகியை மீண்டும் பூட்டிவிட்டு, இடக்கையால் கிளட்ச் லீவரை இழுத்துப் பிடித்தபடியே கிக்கரை மிதித்தார். அப்போதுதான் அவர் முகம் மாறியது. “கிளட்ச் ஒட்டிக்கிச்சு” என்றார்.

கிளட்ச் என்பது என்ன? எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரமோ வேண்டும்போது நிற்கவும் வேண்டும். ஓடுவதையும் நிற்பதையும் ஒரே வண்டிக்குள் இணக்கமாக வைத்திருப்பது கிளட்சின் வேலை. அதற்குள் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒன்றுவிட்டு ஒன்றாக, உராய்வுத் தகடுகள் எஞ்சினோடு சேர்ந்து சுழல்பவை. எஃகுத் தகடுகள் கியர்ப் பெட்டியோடு சேர்ந்தவை. வலிய ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கின்றன. அந்தப் பிடிப்பினால்தான் எஞ்சினின் வலிமை சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. லீவரை இழுத்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் விலகி, தகடுகள் மயிரிழை அளவு பிரிகின்றன. எஞ்சின் தன் போக்கில் சுழலும், சக்கரம் நிற்கும். லீவரை விட்டால் மீண்டும் சேரும்.

தகடுகள் பிரிந்திருந்தால், லீவரைப் பிடித்துக்கொண்டு மிதிக்கும்போது கிக்கர் இலேசாகக் கீழே இறங்க வேண்டும். இங்கோ லீவர் இழுபட்டது, கேபிளும் அசைந்தது, ஆனால் மிதிக்கிற காலை எஞ்சினின் அமுக்கம் எதிர்த்தது. அழுத்தம் விலகிய பிறகும் தகடுகள் ஒன்றையொன்று விடவில்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நிறுத்தி வைத்த வண்டி ஓய்வில் இருக்கிறது என்றுதான் நாம் எண்ணுகிறோம். ஆனால் யாரும் லீவரைத் தொடாத அந்தப் பதினோர் ஆண்டுகளும் ஸ்பிரிங்குகள் தகடுகளை ஒரு கணமும் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தன. இடையில் இருந்த எண்ணெய்ப் படலம் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறியது. எஞ்சியது கெட்டிப்பட்டுப் பசையானது. கடற்காற்றின் ஈரம் புகுந்து எஃகில் துரு பூத்தது. வெளியே அசைவே இல்லை. உள்ளே அழுத்தம் ஓயவே இல்லை.

நம் பள்ளிப் பிள்ளைகள் மின்னியல் பாடத்தில் கூலூம் விதியைப் படிக்கிறார்கள். அந்தக் கூலூம் என்ற பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் ரோஷ்ஃபோர் கப்பல் கட்டும் தளத்தில் உராய்வையும் ஆராய்ந்தவர். அதற்காக 1781இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றவர். ஒரு பலகையின்மேல் மற்றொரு பலகையை வைத்து இழுத்துப் பார்த்து, அவர் கண்டவற்றுள் ஒன்று இது: சற்று நேரமே நின்ற பலகையைவிட நெடுநேரம் நின்ற பலகையை அசைக்கக் கூடுதல் விசை வேண்டும். பலகையின்மேல் யாரும் புதிதாகச் சுமை ஏற்றவில்லை. நின்ற காலமே சுமையாகிவிட்டது.

மனித உறவில் இதை அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. சண்டையிட்ட மறுநாள் ஒரு சொல் போதும். ஒரு மாதம் கழிந்தால் ஒரு தூதர் வேண்டும். பதினோர் ஆண்டுகள் கழிந்தால், எதற்காகச் சண்டை தொடங்கியது என்பது மறந்திருக்கும். ஆனால் முதல் சொல்லைச் சொல்லும் வாய் மட்டும் திறக்காது. தமிழில் இதற்கு ‘மனத்தாங்கல்’ என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. தாங்குதல் என்பது உழைப்பு. தாங்கலை வைத்திருப்பவர் சும்மா இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அவர் இரவும் பகலும் ஒன்றைச் சுமந்துகொண்டே இருக்கிறார்.

செய்யாமையின் குற்றம்

இப்போது முதற்கேள்விக்குத் திரும்புவோம். புனித தாமஸ் அக்வினாஸ் கடமை தவறுதலைப் பற்றிப் பேசும்போது ஒரு வரையறை தருகிறார். செய்யாமை எல்லாமே பாவமாகாது. நாம் செய்யக் கடன்பட்ட நன்மையைச் செய்யாமையே பாவம் என்பது அவர் கருத்து. உலகில் உள்ள எல்லா நோயாளிகளையும் நாம் சந்திக்க முடியாது; அது குற்றமன்று. அறுவை சிகிச்சைக்குப் போன உடன்பிறந்தவரை ஒருமுறை போய்ப் பார்க்காதது வேறு. அங்கே நமக்கு ஒரு கடன் இருந்தது.

தாலந்து உவமையில் மூன்றாம் பணியாளன் எந்தத் தீமையும் செய்யவில்லை என்று வாதாட இடமுண்டு. அவன் திருடவில்லை, சூதாடவில்லை, ஒரு காசையும் இழக்கவில்லை. குழி தோண்டிப் பத்திரமாக வைத்தான். கேட்டதும் முழுமையாகத் திருப்பித் தந்தான். ஆயினும் தலைவர் அவனைக் கண்டித்தார். ஏனெனில் அவன் தன் செயலின்மையைப் பாதுகாப்பு என்று நம்பிவிட்டான். அச்சத்தைப் பொறுப்பு என்று பெயர்மாற்றி வைத்துக்கொண்டான். நாமும் பல உறவுகளைத் தார்ப்பாய் போட்டு மூடி, “கெடாமல் வைத்திருக்கிறோம்” என்று ஆறுதல் கொள்கிறோம். மேலே தூசு படியவில்லை என்பது உண்மைதான். உள்ளே தகடுகள் இறுகிக்கொண்டிருக்கின்றன.

அப்படியானால் ஓய்வே கூடாதா என்று கேட்கலாம். ஓய்வு வேறு, கைவிடுதல் வேறு. காசிமேட்டு மீனவச் சகோதரர்களைக் கேட்டால் இவ்வேறுபாட்டை நமக்கு விளக்குவார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள், மீன்வளம் பெருகுவதற்காக, விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஆனால் அந்நாள்களில் படகு சும்மா கிடப்பதும் இல்லை. கரையேற்றிச் சுரண்டி வண்ணம் பூசுகிறார்கள். எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறார்கள். வலையின் கண்களைச் சரிபார்க்கிறார்கள். மீண்டும் புறப்படுவதற்கான நாள் அந்த ஓய்வுக்குள் குறிக்கப்பட்டிருக்கிறது. பேச்சில் இடைவெளி விடுவதும் சில சமயம் நல்லதே; கோபம் தணிய நேரம் வேண்டும். எந்த நாளில் மீண்டும் பேசுவோம் என்ற நினைவே இல்லாத இடைவெளிதான் துருப்பிடிக்கிறது.

விடுவிக்கும் வழி

கல்லூரி மாணவனுக்குப் பொறுமை இல்லை. வண்டியைக் கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்தால் அந்த அதிர்ச்சியில் தகடுகள் பிரிந்துவிடும் என்று அவன் எங்கோ கேட்டிருந்தான். முதியவர் தலையசைத்தார். “பிரியலாம். பிரியாமலும் போகலாம். பிரியலேன்னா வண்டி நிக்காது, தம்பி. தெருவுல குழந்தைங்க விளையாடுது.” கவரைத் திறந்து சுத்தியலால் தட்டினால் என்ன என்றான். “தட்டினா தகடு வளையும். வளைஞ்ச தகடு அப்புறம் எப்பவுமே சரியாப் பிரியாது” என்றார்.

அவர் செய்தவை வேறு. பழைய எண்ணெய்களை வடித்துப் புதிது ஊற்றினார். கார்புரேட்டரைக் கழுவினார். பலமுறை உதைத்தபின் எஞ்சின் இருமி, புகை கக்கி, உயிர்பெற்றது. நியூட்ரலிலேயே சற்று நேரம் ஓடவிட்டு உள்ளே சூடேற்றினார். சூடானால் பசை இளகும் என்றார். பிறகு எஞ்சினை நிறுத்தி, கிளட்ச் லீவரை இழுத்து, பழைய சைக்கிள் டியூப் துண்டொன்றால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினார். “ராத்திரி முழுக்க இப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அந்த இரவைப் பற்றி நாம் வெகுவாகச் சிந்தித்தோம். பொறுமை என்றால் ஒன்றும் செய்யாதிருத்தல் என்றே பலர் எண்ணுகிறோம். பதினோர் ஆண்டுகள் தொடப்படாமல் நின்ற வண்டியும் சும்மாதான் நின்றது. லீவர் கட்டப்பட்ட அந்த ஓர் இரவும் வண்டி சும்மாதான் நின்றது. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முதலாவதில் ஸ்பிரிங்குகள் அழுத்திக்கொண்டிருந்தன. இரண்டாவதில் அந்த அழுத்தம் விலக்கி வைக்கப்பட்டிருந்தது. தகடுகள் பிரிவதற்கு இடம் தரப்பட்டிருந்தது. ‘பொறுத்தல்’ என்னும் நம் தமிழ்ச் சொல்லுக்குச் சுமத்தல் என்றும் பொருள் உண்டு, மன்னித்தல் என்றும் பொருள் உண்டு. பல்லைக் கடித்துச் சுமப்பது ஒரு பொறுமை. அழுத்தத்தை விலக்கி வைத்துக் காத்திருப்பது மற்றொரு பொறுமை. கிறிஸ்தவன் அழைக்கப்படுவது இரண்டாவதற்கு.

மறுநாள் திருப்பலி முடிந்து வந்தபோது முதியவர் வண்டியைக் கியரில் போட்டு, லீவர் கட்டியபடியே இருக்க, முன்னும் பின்னுமாக அசைத்துக்கொண்டிருந்தார். பலமாகத் தள்ளவில்லை, தொட்டிலை ஆட்டுவதுபோல் ஆட்டினார். சித்தப்பாவும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். எத்தனை முறை என்று நாம் எண்ணவில்லை. திடீரென்று உள்ளே ‘டக்’ என்று ஒரு சிறு ஓசை. கியரில் இருந்த வண்டி தடையின்றி முன்னால் உருண்டது. பையன் கைதட்டினான்.

முதியவர் கைதட்டவில்லை. ஸ்பேனரை எடுத்து இடப்பக்கச் செயின் கவரைக் கழற்றத் தொடங்கினார். “அதான் விட்டுடுச்சே?” என்று கேட்டோம். “விட்டுடுச்சு. ஆனா ஏன் ஒட்டிச்சோ அது இன்னும் உள்ளதான் இருக்கு” என்றார். தகடுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். எஃகுத் தகடுகளில் காப்பிக் கறைபோலத் துருத் திட்டுகள். எமரித் தாளால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் தடவி வைத்தார். உராய்வுத் தகடு ஒன்றில் மேற்பூச்சு பெயர்ந்திருந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார்.

ஒப்புரவு அருட்சாதனத்தைச் சரியாகப் பெறுவதற்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று நம் மறைக்கல்வி கற்பித்தது. பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருதல், மனம் வருந்துதல், இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்ளுதல், குருவிடம் அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல். சிறுவயதில் ஐந்தாவதை நாம் ஒரு தண்டனையாகவே எண்ணினோம். அது தண்டனையன்று, எமரித் தாள் என்று அந்த ஞாயிறன்று விளங்கிற்று. மன்னிப்பால் பிடி விடுகிறது. பரிகாரத்தால் துரு நீங்குகிறது. துரு நீங்காவிட்டால், அடுத்த மழைக்காலத்தில் அதே தகடு அதே இடத்தில் மீண்டும் ஒட்டும்.

இராயப்பரும் மூன்று கேள்விகளும்

மூலக்கொத்தளத்திலிருந்து சிறிது தூரத்தில் இராயபுரம். பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்றே அழைத்தனர். அவர் பெயர் தாங்கிய ஆலயத்தோடு ஊர்ப் பெயரும் சேர்ந்தது. அந்த இராயப்பரிடம் உயிர்த்த ஆண்டவர் நடந்துகொண்ட விதத்தை யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் காண்கிறோம்.

தலைமைக் குருவின் முற்றத்தில் கரி நெருப்பருகே நின்று மூன்று முறை மறுதலித்தவர் பேதுரு. ஏரிக்கரையில் மீண்டும் ஒரு கரி நெருப்பு. அதில் மீன் வெந்துகொண்டிருக்கிறது. ஆண்டவர் அந்த இரவைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. முதலில் உணவு தருகிறார். பசி ஆறட்டும், உள்ளம் சற்றே சூடாகட்டும் என்பதுபோல. அதன்பின் அன்பு உண்டா என்று ஒரு கேள்வி; அதே கேள்வி மீண்டும்; மூன்றாம் முறையும் அதே கேள்வி. மூன்றாவதில் பேதுரு மனம் நொந்தார் என்கிறார் நற்செய்தியாளர். ஒரே கேள்வியை ஏன் மூன்று முறை கேட்க வேண்டும்? மறுதலிப்பு மூன்று முறை இறுகியது. ஒவ்வொன்றாகத்தான் அது பிரிய வேண்டும். ஆண்டவர் சுத்தியலை எடுக்கவில்லை. முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தார். பிடி விட்டவுடன் பேதுருவை ஓர் ஓரத்தில் நிறுத்தி அழகு பார்க்கவும் இல்லை. தம் ஆடுகளை ஒப்படைத்துப் பயணத்துக்கு அனுப்பினார்.

தனி மனிதருக்கு மட்டுமன்று, திருச்சபைக்கும் இது நேர்ந்திருக்கிறது. நம் நகரில் போர்த்துக்கீசிய ஞானாதரவின் கீழும் உரோமையின் நேரடிப் பொறுப்பின் கீழும் இருவேறு மறைமாவட்டங்களாகப் பிரிந்து, நெடுங்காலம் கசப்பை வளர்த்த கத்தோலிக்கர், 1952இல்தான் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமாக ஒன்றாயினர். உலக அளவில் இதைவிட நீண்ட கதை உண்டு. 1054இல் உரோமைத் தூதர்களும் கான்ஸ்டான்டிநோபிள் முதுபெருந்தந்தையும் ஒருவரையொருவர் திருச்சபையிலிருந்து விலக்கினர். ஒன்பது நூற்றாண்டுகள் அந்தத் தகடுகள் ஒட்டிக் கிடந்தன. 1964 ஜனவரியில் திருத்தந்தை ஆறாம் பவுலும் முதுபெருந்தந்தை அத்தநாகொராசும் எருசலேமில் சந்தித்துத் தழுவிக்கொண்டனர். 1965 டிசம்பர் 7 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவுறும் தறுவாயில், அந்த விலக்கங்கள் உரோமையிலும் கான்ஸ்டான்டிநோபிளிலும் ஒரே நாளில் நீக்கப்பட்டன. அதனால் இரு சபைகளும் அன்றே ஒன்றாகிவிடவில்லை. ஒரே பலிபீடத்தில் அப்பம் பிட்கும் நாளுக்கு இன்னும் காத்திருக்கிறோம். தகடுகள் பிரிந்தன, வண்டி இன்னும் நெடுஞ்சாலைக்கு வரவில்லை. ஆயினும் 1965க்கு முன்னிருந்த நிலையையும் பின்னிருந்த நிலையையும் ஒன்று என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை

இவ்வளவும் சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நாமும் கடமை தவறியவர்கள் ஆவோம். “மன்னித்துவிடு” என்னும் சொல்லையே சுத்தியலாக வீசுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். குடித்துவிட்டு அடிக்கும் கணவனின் வீட்டுக்குத் திரும்பிப் போ என்று ஒரு பெண்ணை விரட்டுவதும், ஏமாற்றப்பட்டவரிடம் “நீதானே கிறிஸ்தவன், விட்டுக்கொடு” என்று மிரட்டுவதும் ஒப்புரவாகா. பெயர்ந்துபோன தகட்டை முதியவர் அதே இடத்தில் மீண்டும் பூட்டவில்லை, ஒதுக்கி வைத்தார். அதை அவர் வெறுக்கவும் இல்லை. அதனால் ஆகக்கூடிய வேலை முடிந்துவிட்டது என்று அறிந்தார், அவ்வளவே. மன்னிப்பு என்பது உள்ளத்தின் அழுத்தத்தை விடுவது. பழைய இடத்துக்கே திரும்பிப் போவதா என்பது தனிக் கேள்வி. அதற்கு நீதியும் பாதுகாப்பும் விடை சொல்ல வேண்டும். மன்னிப்பவரும் விடுதலை பெற வேண்டும் அன்றோ?

ஆனால் நம்மில் பெரும்பாலோரின் கதை அத்தகைய கொடுமையின் கதையன்று. ஒரு சுவர், ஒரு நகை, ஒரு விருந்தில் கிடைக்காத வரவேற்பு, ஒரு மாலைப்பொழுதில் தவறிய ஒரு சொல். இவற்றுக்காகவே பதினோர் ஆண்டுகள். பொழுது சாய்வதற்குள் சினம் தணிய வேண்டும் என்று தூய பவுல் எபேசியருக்கு எழுதியதில் ஒரு பட்டறை அறிவும் அடங்கியிருக்கிறது. வண்டியை நிறுத்தி வைப்பவர்களுக்கு முதியவர் சொன்ன அறிவுரையும் அதுவே: “வாரத்துக்கு ஒரு தடவை லீவரைப் பிடிச்சுக்கிட்டு நாலு உதை விடுங்க. அது போதும், ஒட்டாது.” வாரத்துக்கு நாலு உதை என்பது எவ்வளவு சிறிய வேலை! ஒரு பண்டிகை வாழ்த்து, உடல்நலம் கேட்கும் ஒரு தொலைபேசி அழைப்பு, கோவில் வாசலில் ஒரு தலையசைப்பு, இவை உறவின் நாலு உதைகள். செய்தால் ஒரு நிமிடம். செய்யாவிட்டால் நாம் செய்யாத அந்த ஒரு நிமிடமே ஆண்டுக்கணக்கில் அழுத்திக்கொண்டிருக்கும்.

மாலைக்குள் எல்லாம் பூட்டி முடிந்தது. முதியவர் ஏறி அமர்ந்து, லீவரை இழுத்து, கியரைப் போட்டார். வண்டி அசையாமல் நின்றது. லீவரை மெல்ல விட்டார். வண்டி பணிவோடு நகர்ந்தது. மூலக்கொத்தளத்துச் சந்தில், நின்ற இடத்திலேயே நிற்கவும் விரும்பியபோது புறப்படவும் அது மீண்டும் கற்றுக்கொண்டது.

ஆயினும் அன்று அதை யாரும் தெருவைத் தாண்டி ஓட்டவில்லை. பதிவுச் சான்று தந்தையின் பெயரிலேயே இருந்தது, காலமும் கடந்திருந்தது. மாற்றுவதற்கு மகன்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். இளையவர் உள்ளே போய் முகம் கழுவி, சட்டை மாற்றி, காகிதங்களை ஓர் உறைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். “வாடா, உங்க அப்பாவைப் பார்த்துட்டு வரலாம்” என்று பையனின் தோளில் கைவைத்தார். இருவரும் திருவொற்றியூர்ப் பேருந்துக்காக நடந்தார்கள்.

அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்பது நம் வேலையன்று. அந்த வாரமே கையெழுத்து ஆனதா, அடுத்த மாதம் ஆனதா என்பதும் முக்கியமன்று. பதினோர் ஆண்டுகளாக யாரும் தொடாத லீவரை ஒரு கை இழுத்துப் பிடித்தது. அதுவே நமக்குப் போதும். மூலக்கொத்தளத்து மயானத்தின் வாயில் எல்லாருக்கும் ஒருநாள் திறக்கும். அதற்குள் போனபின் எவராலும் எந்த லீவரையும் இழுக்க முடியாது. அடுத்த ஞாயிறு பாவ அறிக்கையின் நான்காவது சொல்லுக்கு வரும்போது நம் கை மார்பில் சற்றுத் தயங்கி நிற்கட்டும். நம் வீட்டு மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் போர்த்தி நிற்பது யார் என்று நினைத்துப் பார்ப்போம். பார்த்தபின், பொழுது சாய்வதற்குள் ஒருமுறை லீவரைத் தொடுவோம்.